திருகாணியும் உடைமையும்

விலைகொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது மனித சமுதாயம் நெடுங்காலமாக ஏற்று வந்த நியாயம். மண்வெட்டியின் பிடி முறிந்தால் உழவன் வேறொரு பிடியைச் சீவிப் போட்டுக்கொண்டான். வண்டியின் அச்சுத் தேய்ந்தால் தச்சனிடமோ கொல்லனிடமோ கொண்டு சென்றான். பிடியை மாற்றலாமா என்று மண்வெட்டி விற்றவனிடம் போய் அவன் உத்தரவு கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஊர் நகைத்திருக்கும். திறத்தல், திருத்துதல், மாற்றுதல் என்னும் உரிமைகள் உடைமை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தன. அவற்றைத் தனியே எழுதிவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இன்று அத்தேவை தோன்றியிருக்கிறது. மடிக்கணினியையோ கையில் ஏந்தி விளையாடும் விளையாட்டுக் கருவியையோ வாங்கிய ஒருவர், அதன் சேமிப்பகத்தைப் பெருப்பிக்க அல்லது வலையிணைப்பை வலுப்படுத்த முனையும்போது, தாம் வாங்கியது உண்மையில் எதை என்ற கேள்வி அவர்முன் எழுகிறது. பார்வைக்கு இது பொறியியலாளரின் சில்லறை விவகாரம். ஆனால், உடைமை என்பது என்ன, அறிவு யாருக்குரியது என்னும் பழைய தத்துவப் பிரச்சினைகள் இரண்டும் இச்சிறு பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன என்பதே நமது கருத்து.

விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியின் உறுப்புகளுள் ஏனையவற்றுக்கு முன்பே காலத்துக்குப் போதாமற் போவன இரண்டு. ஒன்று, கோப்புகளும் விளையாட்டுகளும் தங்கும் சேமிப்பகம். மற்றையது, வெளியுலகோடு தொடர்புகொள்ள உதவும் வைஃபை அட்டை. திரையும் விசைகளும் பழுதின்றி இருக்கையிலேயே இடம் நிறைந்துவிடுகிறது. வலையின் வேகமோ பின்தங்கிவிடுகிறது. இவற்றை மாற்றுவது பெரும் வித்தையன்று. எம்.2 என்னும் பொதுத் தரத்தில், 2230 எனக் குறிக்கப்படும் சேமிப்பட்டை 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அதே அளவில் வைஃபை அட்டைகளும் கிடைக்கின்றன. திறக்கக்கூடியதாகச் செய்யப்பட்ட கருவியானால், ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையும் போதும்.

வசதி படைத்தவர்களின் விளையாட்டுச் சாமானைப் பற்றிச் சமுதாய நோக்கில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. வசதி படைத்தவருக்குத் திருப்புளி வேண்டுவதில்லை; பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். ஐந்து வருடப் பழைய கணினியில் புதிய அட்டையொன்றைப் பொருத்தி, இன்னும் மூன்று வருடங்களுக்குப் படிப்பை நடத்த வேண்டிய மாணவனுக்கே அந்தத் திருகாணி வாழ்க்கைப் பிரச்சினையாகிறது. நமது நகரங்களின் சிறு திருத்தகங்களில் மேசை விளக்கின்கீழ் குனிந்திருக்கும் தொழிலாளிக்கு அதுவே பிழைப்பு. திறக்க முடியாத பெட்டி இவ்விருவரையுமே முதலில் தண்டிக்கிறது.

நியாயமாகப் பேசுவதாயின், தடைகள் யாவும் ஓரினத்தவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளின் இயல்பிலிருந்து எழும் தடை ஒன்று. ஆணையிலிருந்து பிறக்கும் தடை மற்றொன்று. நினைவகச் சில்லுகளைச் செயலிக்கு மிக அருகே பற்றவைத்துவிட்டால் மின்செலவு குறைகிறது, வேகம் கூடுகிறது. அதற்கு ஈடாக மாற்றும் வசதி இழக்கப்படுகிறது. இது பௌதிக விதிகளோடு செய்துகொண்ட பேரம். விரும்பாதவர் வாங்காது விடலாம். ஆனால், பொருள் இடங்கொடுத்தும் உற்பத்தியாளர் இடங்கொடாத நிலை வேறு. அறத்தின் முன் விடைசொல்ல வேண்டியது அதுவே. அது இயல்பின் தடை போல வேடமிட்டு வருவதுதான் பிரச்சினையின் சிக்கல்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்பேட் மடிக்கணினிகளிலும், 2005 இல் அத்தொழிலை லெனோவோ வாங்கிய பின்னர் வந்த பல மாதிரிகளிலும், வைஃபை அட்டைக்கான பொருத்துவாய் பொதுத் தரத்திலேயே அமைந்திருந்தது. சந்தையில் வாங்கிய அட்டை அதில் சரியாகவே பொருந்தும். ஆயினும் கணினியை இயக்கியவுடன் உள்ளிருக்கும் அடிப்படை நிரல் அட்டையின் அடையாள எண்ணை வாசிக்கும். தன் பட்டியலில் அவ்வெண் இல்லையாயின் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி, அனுமதியற்ற அட்டையை அகற்றுமாறு பணித்து நின்றுவிடும். எச்.பி. நிறுவனத்தின் கணினிகள் சிலவற்றிலும் இத்தகைய பட்டியல் இருந்தது. அனுமதியற்றது என்ற அச்சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கணினி வாங்கியவருடையது, அட்டையும் அவருடையது, அனுமதி மட்டும் வேறொருவருடையது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. வானொலி அலைகளை வெளியிடும் கருவியை அதன் அலைவாங்கியோடு சேர்த்தே அமெரிக்காவின் ஒழுங்குவிதிகள் பரிசோதித்து ஏற்கின்றன. கண்ட அட்டையைப் பொருத்தினால் அந்த ஏற்பு கெடலாம் என்கின்றனர். அலைவெளி பொதுச்சொத்து, அதைக் காப்பது அவசியமே. ஆனால் அதே விதிகளின் கீழ் வேறு உற்பத்தியாளர்கள் இத்தகைய பட்டியலின்றியே மடிக்கணினி விற்றுள்ளனர். மேலும், ஒரே சில்லைக் கொண்ட இரண்டு அட்டைகளுள் நிறுவனத்தின் அடையாள எண்ணைத் தாங்கியது ஏற்கப்பட்டது, தாங்காதது மறுக்கப்பட்டது. அலைகளுக்கு இந்த எண் தெரியாது, விலைப்பட்டியலுக்கே தெரியும்.

விளையாட்டுக் கருவிகளின் உலகில் இந்நிலை இன்னும் வெளிப்படையானது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வீட்டா 2011 டிசம்பரில் ஜப்பானிலும், மறு வருடம் அமெரிக்காவிலும் வெளிவந்தது. எவரும் எங்கும் வாங்கத்தக்க மைக்ரோ எஸ்.டி. அட்டை அக்காலத்தில் மலிந்திருந்தும், வீட்டாவுக்கென்றே தனி வடிவில் அட்டையொன்று செய்யப்பட்டது. அமெரிக்காவில் கருவியின் விலை ஏறத்தாழ 250 டொலராக இருக்க, 32 ஜிகாபைட் அட்டைக்கு மட்டும் 100 டொலர் கேட்கப்பட்டது. களவுப் பிரதிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாறாயின், களவு செய்யாதவனும் ஏன் அத்தனை விலை கொடுக்க வேண்டும்? பிற்காலத்தில் பாவனையாளர்களே சிறிய இணைப்பானொன்றை உருவாக்கி, விளையாட்டு அட்டைக்குரிய துளையில் மைக்ரோ எஸ்.டி. அட்டையைப் பொருத்திக் காட்டினர். தடை பொருளின் இயல்பில் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மடிக்கணினிகளில் இது மெலிந்த உடலழகு என்னும் பெயரில் நடந்தேறியது. அப்பிள் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ரெட்டினா திரைகொண்ட மக்புக் புரோவில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மின்கலம் பசையிட்டு ஒட்டப்பட்டது. 2016 இல் வந்த டச் பார் மாதிரிகளில் சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்டது. அடிப்பகுதியை மூடிய திருகாணிகளோ வழமையான திருப்புளிக்கு இணங்காத ஐயிதழ்த் தலை கொண்டவை. இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். சேமிப்பகச் சில்லு தேயும் பொருள். அதன் ஒவ்வோர் அறையும் குறித்த தடவைகள் மட்டுமே எழுதி அழிக்கத்தக்கது. மின்கலமும் அவ்வாறே நாளடைவில் சோர்வது. தேயும் உறுப்பைத் தேயாத உறுப்போடு பிரிக்க முடியாதபடி பிணைத்தால், முழுக்கருவியின் ஆயுளும் மிகக் குறுகிய ஆயுளுள்ள உறுப்பின் ஆயுளாகச் சுருங்குகிறது.

அதுமட்டுமன்று. பிற்பாடு பெருப்பிக்க முடியாது என்பதால், வாங்குகின்ற கணத்திலேயே வருங்காலம் முழுவதற்கும் போதுமான இடத்தை ஊகித்து விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2020 இல் வெளிவந்த மக்புக் எயரில் 256 ஜிகாபைட் சேமிப்பகத்தை 512 ஆக்க மேலதிகமாக 200 டொலர் கேட்கப்பட்டது. எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தின் மீது விதிக்கப்பட்ட வரி என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இணைப்பைப் பொறுத்தவரை பிரச்சினை வேகத்தோடு முடிவதில்லை. 2004 இல் வந்த நின்டெண்டோ டி.எஸ். கருவி, வெப் என்ற பழைய குறியீட்டுப் பாதுகாப்பை மட்டுமே அறிந்திருந்தது. அதன் பலவீனங்களோ 2001 ஆம் ஆண்டிலேயே அம்பலமாகியிருந்தன. மாற்றவியலாத அக்கருவியை வலையில் இணைக்க விரும்பிய வீட்டார், தம் வீட்டு வலையின் பூட்டையே தளர்த்த வேண்டியவராயினர். 2014 மே 20 அன்று அதன் இணையச் சேவையையும் நிறுவனம் நிறுத்திற்று. கருவி கையில் இருந்தது, உறவு அறுந்தது.

இருளை மட்டும் காட்டுவது நமது நோக்கமன்று. வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவியில் சேமிப்பகம் மேற்சொன்ன 2230 அட்டையாகவே அமைந்தது. 64 ஜிகாபைட் கொண்ட குறைந்த மாதிரியின் விலை அப்போது 399 டொலராக இருந்தது. 512 ஜிகாபைட் மாதிரியின் விலை 649 டொலராக இருந்தது. குறைந்ததை வாங்கிப் பின்னர் சந்தை அட்டையொன்றைப் பொருத்திக்கொள்ளும் வழி பூட்டப்படவில்லை. விற்பனைக்கு முன்பே, 2021 அக்டோபரில், கருவியைத் திறந்து காட்டும் காட்சிப்படம் ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. திறப்பது நல்லதன்று என எச்சரித்தது. திறக்கும் உரிமை உமக்குண்டு என்றும் சொன்னது. ஆபத்தை அறிவிப்பதற்கும் உரிமையை மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

எனினும் இதனை ஒரு முதலாளியின் கருணை என மயங்கலாகாது. அந்நிறுவனத்தின் வருவாய் பெரும்பாலும் விளையாட்டுகளை விற்பதிலிருந்து வருவது. சேமிப்பகம் பெருகினால் விற்பனையும் பெருகும். பெட்டியைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே வைக்கும் சரக்கைத் தம் கையிலேயே வைத்திருக்கின்றனர். இணையத்தில் வாங்கும் விளையாட்டு சொந்தமாவதில்லை, பாவிக்கும் அனுமதியே கிடைக்கிறது என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா 2024 இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. களஞ்சியம் நம்முடையது; நெல் இரவல் என்பதே இன்றைய நிலை. ஆகவே, நிறுவனங்களின் நல்லெண்ணத்தில் உரிமையைத் தங்கவிடுவது பேதைமை. நலன் மாறும்போது எண்ணமும் மாறும்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். பெருப்பித்தல் யாவும் அறமாகிவிடாது. நிறைந்து வழியும் ஆசைக்கு இடந்தேடி, நன்றாக உழைக்கும் அட்டையைக் கழற்றி எறிந்து, வேகக் கணக்கில் பெருமை கொள்வதும் நடக்கிறது. அது அதே நுகர்வு மோகத்தின் மறுமுகம். பொருளின் ஆயுளை நீட்டுவதற்காகச் செய்யப்படும் மாற்றத்தையும், பொருளின் மீதுள்ள சலிப்பினால் செய்யப்படும் மாற்றத்தையும் பிரித்தறிய வேண்டும். முன்னதில் மனிதன் பொருளை ஆள்கிறான். பின்னதில் பொருள் அவனை ஆள்கிறது.

ஏனெனில், எறியப்படும் ஒவ்வொன்றும் எங்கோ சென்று விழுகிறது. ஐக்கிய நாடுகளின் கணிப்பின்படி, 2022 இல் உலகில் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 62 மில்லியன் தொன். அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக் குயியூவிலும், கானாவின் தலைநகரான அக்ராவின் அக்போக்புளோசியிலும், கம்பிகளை எரித்துச் செம்பெடுத்தும் பலகைகளைச் சுட்டு உறுப்புகளைப் பெயர்த்தும் நச்சுப்புகையில் மக்கள் உழைத்த கதையை உலகம் அறியும். ஒரு நாட்டில் பூட்டப்பட்ட பெட்டியை இன்னொரு நாட்டின் ஏழை நெருப்பினால் திறக்கிறான்.

சட்டம் மெல்ல விழித்துவருகிறது. திருத்தும் பாவனையாளரை உத்தரவாதம் பறிபோகும் என்று அச்சுறுத்துவது 1975 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணாகலாம் என, அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2018 இல் ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சோனி, நின்டெண்டோ, மைக்ரோசொஃப்ட் ஆகியன அவற்றுட் சில. கலிபோர்னியா 2023 இல் திருத்தும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் விளையாட்டுக் கருவிகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது. கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தைப் பாவனையாளரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என, சில விலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் விதித்தது. அதற்குக் குறித்த நாள் 2027 பெப்ரவரி 18. இவை எவரும் வழங்கிய வரங்களல்ல. திருத்துநரும் பாவனையாளரும் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பியதன் பயன்.

அடிப்படைக் கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிவதும், அறிந்ததைப் பிறருக்குச் சொல்வதும், அதன்படி கைவைப்பதும் மனிதனை மனிதனாக்கிய செயல்கள். கல்லைப் பிளந்து பார்த்தவனின் வழித்தோன்றல்கள் நாம். விஞ்ஞானத்தின் பயனை நமக்கு விற்று, விஞ்ஞான மனப்பான்மையை நம்மிடமிருந்து பறிக்கும் ஏற்பாட்டை முன்னேற்றம் என்று அழைக்க முடியாது. மூடிய பெட்டியோடு வளரும் பிள்ளை, உலகமே மூடிய பெட்டி, அதைத் திறக்க வேறு யாருக்கோதான் அதிகாரம் உண்டு என்று எண்ணப் பழகிவிடும். அந்தப் பழக்கம் கணினியோடு நிற்காது.

ஆகவே, பொருள் வாங்கும்போது விலையையும் வேகத்தையும் கேட்கும் நாம், இனி மூன்றாவது கேள்வியொன்றையும் கேட்கப் பழகுவோம்: இதைத் திறக்கலாமா? திறக்க முடியாதென்றால் காரணம் பொருளின் இயல்பா, விற்பவரின் ஆணையா? இயல்பென்றால் சிந்திப்போம். ஆணையென்றால், நாம் கொடுப்பது விலையன்று, வாடகை என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த ஆணையை மாற்றப் போராடுவோரின் பக்கத்தில் நிற்போம்.