கதவிடுக்கில் ஒரு கண்

கைபேசியில் பொருத்தப்பட்டுள்ள காமிராவை, எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவன் அதன் உடையவருக்குத் தெரியாமல் இயக்க இயலுமா? இயலும் என்பதே விடை. ஆனால், அவ்விடை கருவியைப் பற்றியது மட்டுமே. பார்க்கப்படுகிறவர் தாம் பார்க்கப்படுவதை இறுதிவரை அறியாமலே போவாராயின், அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு யாது என்பது அறத்தைப் பற்றிய வினா. நாம் ஆராயப் புகுவது அதனையே. எனினும், முதலில் உள்ளதை உள்ளவாறு தெரிந்துகொள்வது முறை.

2016 ஆகஸ்டில், ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அஹ்மத் மன்சூரின் கைபேசிக்கு ஐயத்திற்குரிய குறுஞ்செய்திகள் வந்தன. அவர் அவற்றிலிருந்த இணைப்பைத் தொடவில்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அவற்றை அனுப்பிவைத்தார். தொட்டிருப்பாராயின், இஸ்ரேலிய நிறுவனமான என்.எஸ்.ஓ. ஆக்கிய பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் உட்புகுந்து, காமிராவையும் ஒலிவாங்கியையும் தன்வயப்படுத்தியிருக்கும் என்பது புலனாயிற்று. 2019-இல் அதே மென்பொருள் வாட்ஸ்அப் அழைப்பின் வழியாகப் புகுந்தது. அழைப்பை எடுக்க வேண்டும் என்ற தேவைகூட இருக்கவில்லை. ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, என்.எஸ்.ஓ.வே இதற்குப் பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது.

இத்தகைய கருவி பெரும் பொருட்செலவில் வாங்கப்படுவது. பத்திரிகையாளர், வழக்குரைஞர், அரசியலார் போன்ற சிலரை நோக்கியே ஏவப்படுவது. எளிய மக்களின் கைபேசிக்குள் நுழைபவன் வேறு வழிகளில் வருகிறான். விளையாட்டுக்கென்றோ விளக்குக்கென்றோ நாம் இறக்கிக்கொள்ளும் செயலி காமிராவைக் கேட்கிறது. படித்துப் பாராமலே இசைவு தந்துவிடுகிறோம். சில வேளை இசைவும் தேவைப்படுவதில்லை. கூகுள் காமிராச் செயலியில் 2019-இல் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்ட பிழை அத்தகையது: சேமிப்பகத்தைத் திறக்க மட்டுமே இசைவு பெற்ற வேறொரு செயலி, அதன் வழியே படமெடுக்க முடிந்தது. இன்னொரு வழியும் உண்டு. கைபேசியைச் சிறிது நேரம் கையில் வாங்கிய கணவனோ, உறவினனோ, நண்பனோ உளவுச் செயலியை உள்ளே வைத்துத் திருப்பித் தந்துவிடுகிறான். 2020 முதல் ஐபோன்களிலும், 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பிற கைபேசிகளிலும், காமிரா இயங்கினால் திரையின் மூலையில் பச்சைக் குறி ஒன்று தோன்றுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி முழுவதையும் கைப்பற்றிய மென்பொருளின் முன் அதனை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை.

இனி, அறத்தின் வினாவுக்கு வருவோம். திருடன் பொருளைக் கொண்டுபோகிறான், உடைமை குறைகிறது. ஒளிந்து பார்ப்பவன் எதனைக் கொண்டுபோகிறான்? பார்க்கப்பட்டவர் அறியவில்லை, வருந்தவுமில்லை. அவ்வாறாயின் தீங்கு எங்கே? இங்ஙனம் வாதிடுவோர் உளர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறையினுள் ஒரு மனிதர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அவர் காலை உள்ளே வைக்கவில்லை, எதனையும் எடுக்கவுமில்லை. ஆயினும் பெருமானார் அதனைக் கடுமையாகக் கண்டித்தார்கள். வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் விதி ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். கால் நுழையும் முன்னரே கண் நுழைந்துவிடுகிறது என்பது இதன் கருத்து. ஆகவே அத்துமீறல் பார்வையிலேயே நிறைவேறிவிடுகிறது. பார்க்கப்பட்டவர் அறிந்தாரா என்பது பின்னர் எழும் கேள்வி.

'அவ்ரத்' என்னும் சொல்லை நாம் உடலில் மறைக்க வேண்டிய பகுதிக்கு மட்டும் வழங்கி வருகிறோம். அரபு மொழியில் அதன் பொருள் விரிந்தது. பகைவன் புகக்கூடிய இடைவெளி, காவலற்ற இடம் என்பனவும் அதன் பொருள்களே. அல் அஹ்ஸாப் அத்தியாயத்தில் காப்பற்ற வீடுகளுக்கு அச்சொல் வந்துள்ளது. அந்நூர் அத்தியாயத்திலோ மூன்று வேளைகளுக்கு வந்துள்ளது: வைகறைத் தொழுகைக்கு முன், உடை களைந்து இளைப்பாறும் நண்பகல், இஷாவுக்குப் பின். அவ்வேளைகளில் வீட்டிலுள்ள சிறுவரும் பணியாளரும்கூட அனுமதி பெற்றே வர வேண்டும். உடலுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும், நேரத்துக்கும் அவ்ரத் உண்டு. பிறர் கண்ணுக்காகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டாத ஓரிடம் மனிதனுக்கு வேண்டும். அவன் களைத்துச் சாய்வதும், அழுவதும், பாவமன்னிப்புக் கேட்டுக் கையேந்துவதும் அங்கேதான். தனித்திருப்பதாக நம்பியிருப்பவனின் தனிமையைப் பொய்யாக்கிவிடுகிறான் ஒளிந்து பார்ப்பவன். அவன் திருடுவது அந்தத் தனிமையையே. அறியாதவனுக்கு வலியில்லை என்பது, மயங்கிக் கிடப்பவனை இழிவுபடுத்தலாம் என்பதற்கு ஒப்பாகும்.

"குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்? இறைவன் எந்நேரமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்?" என்று கேட்போரும் உளர். இது பக்திபோல் ஒலிக்கிறது. உண்மையில் பெரும் பிழை. இறைவன் அனைத்தையும் பார்ப்பவன். அத்துடன் அவன் மறைப்பவனும் ஆவான். அப்துல் சத்தார் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோமே, அதன் பொருள் என்ன? குறைகளை மூடி மறைப்பவனின் அடிமை என்பதன்றோ! அவன் பார்ப்பது மன்னிப்பதற்கும் திருத்துவதற்கும். ஒளிந்து பார்க்கும் மனிதனோ மிரட்டுவதற்கும், விற்பதற்கும், அம்பலப்படுத்துவதற்கும் பார்க்கிறான். பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு மறைத்தலை விட்டுவிடுகிறவன், தனக்குரியதல்லாத இடத்தில் அமர்கிறான்.

அரசின் நிலை யாது? அதற்கு நாட்டைக் காக்கும் கடமை உண்டு, மறுப்பதற்கில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றி வருகையில், ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே பாவத்தில் இருந்தவரைக் கண்ட செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். நான் செய்த குற்றம் ஒன்று. துருவிப் பார்த்தது, வாயில் வழி வராதது, அனுமதி கேளாதது எனத் தாங்கள் செய்தவை மூன்று என்றார் அம்மனிதர். கலீஃபா அவரைத் திருந்தச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். கதவை அடைத்திருப்பவனின் குற்றத்தை அறிய ஒட்டுக்கேட்பதும், மோப்பம் பிடிப்பதும், அவன் ஆடைக்குள் மறைத்திருக்கும் பொருளைத் தடவிப் பார்ப்பதும் ஆகாது என்பது இமாமவர்களின் முடிவு. ஆயினும், ஒருவன் மற்றொருவனைக் கொல்லத் தனியிடத்துக்குக் கொண்டுசென்றான் என நம்பத்தகுந்தவர் அறிவித்தால், துருவிப் பார்ப்பது கூடும் என்று மாவர்தீ (ரஹ்) விலக்கு அளித்துள்ளார்கள். உயிருக்கு ஆபத்து, நம்பத்தகுந்த சாட்சி, காலந்தாழ்த்த இயலாமை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் கதவு திறக்கிறது. ஊர் முழுவதையும் பார்த்து வைப்போம், குற்றம் பின்னர் அகப்படும் என்பதற்கு இங்கே இடமில்லை.

பிள்ளையைக் கண்காணிக்கும் பெற்றோரும் இதே அளவுகோலால் அளந்துகொள்ளட்டும். பிள்ளைக்குச் சொல்லி வைக்கும் கட்டுப்பாடு வளர்ப்பின் பாற்பட்டது. சொல்லாமல் வைக்கும் கண் ஒற்றின் பாற்பட்டது. கணவன் மனைவியரிடையே அதற்கும் இடமில்லை. சந்தேகம் துருவலைப் பெறுகிறது. துருவல் மேலும் சந்தேகத்தைப் பெறுகிறது.

செயலிகளுக்குத் தந்த இசைவுகளைத் திரும்பப் பார்ப்போம். மென்பொருளைக் காலத்தோடு புதுப்பிப்போம். அறியாத இணைப்புகளைத் தொடாதிருப்போம். இவை நம்மைப் பிறரிடமிருந்து காக்கும். பிறரை நம்மிடமிருந்து காப்பது எது? பிறர் கைபேசி திறந்து கிடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், எவரோ களவில் எடுத்த படம் நம்மிடம் வந்து சேர்கையில் அதனைப் பாராமலே அழித்துவிடுவதும்தான். களவில் எடுத்தவன் ஒருவனே. அதனைக் காண்பவர் ஒவ்வொருவரும் அதே கதவிடுக்கில் கண் வைக்கிறார்கள். அவர்களுள் நாமும் ஒருவராகாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக!