தேதியோடு வரட்டும் பழசு

ஒரகடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பழைய வேலை விளம்பரங்கள் தேதியில்லாமல் சுற்றும். அதை நம்பி பயோடேட்டாவோடு கம்பெனி கேட்டில் நிற்கும் ஐடிஐ பையனை செக்யூரிட்டி கையாட்டித் திருப்பி அனுப்புவார். அதற்காகப் பழசையே பகிரக் கூடாதா?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. அன்றைய கட்டுரைகளை இன்றைய 'புதிய ஆலை வருகிறது' செய்திக்குப் பக்கத்திலேயே போடலாம். இப்போது வேலைக்குச் சேரும் பெண் அப்போது பள்ளிச் சிறுமி. அவளுக்கு அது புதுச் செய்திதான். தேதியை மட்டும் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். பிறகு அந்த ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியதையும் ஒரு வரி சேருங்கள்.