வழிப்போக்கரும் விருந்தினரும்

பயணத்திற்கு ஒரு காரணம் வேண்டும் என்றே நம் முன்னோர் எண்ணினர். வணிகம், கல்வி, ஹஜ்ஜுக் கடமை, உறவினரைக் காணல், ஆலிம்களைச் சந்தித்தல் என அக்காரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலையைப் பார்க்கவும் குளிர்காற்றை நுகரவும் மட்டுமே ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவது அவர்களுக்கு விளங்காத செயலாகவே இருந்திருக்கும். இன்று அது விளங்காத செயலன்று. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய வேனில் கணவனும் மனைவியும் ஏறிக்கொண்டு, கோடைக்கு மலைநாடு தேடிச் செல்கின்றனர். விரும்பிய இடத்தில் நிற்கின்றனர், விரும்பியபோது நகர்கின்றனர். கேரள அரசு இத்தகைய வீட்டு வண்டிகளுக்கென்றே 2021இல் ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. உலகின் வேறு பல நாடுகளில் இது நெடுங்கால வழக்கம்.

இந்த விரையாத பயணம் அறத்திற்கு உகந்ததுதானா? தமிழகத்தின் வடபகுதியில், தர்மபுரி மாவட்டத்திலுள்ள சித்தேரி மலையை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம். பக்கத்து மாவட்டத்து ஏற்காட்டைப் போல விடுதிகள் மலிந்த ஊரன்று சித்தேரி. ஆகவே, வீட்டையே உடன் கொண்டுவருவோருக்கு அது ஏற்ற இடமாகத் தோன்றுவது இயல்பு.

முதலில் எழக்கூடிய மறுப்பை எடுத்துக்கொள்வோம். ஓய்வுக்காகச் சுற்றுவது வீண் என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், வந்த காரியம் முடிந்ததும் மனிதன் தன் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பட்டும் என்றும் கருத்துப்படும் நபிமொழியை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அந்நபிமொழி உண்மையானதே. ஆயின் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முதல் முறை அன்னையார் வென்றார்; பின்னொரு முறை நாயகம் வென்று, முன்னைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று மகிழ்ந்தார்கள். கணவனும் மனைவியும் வழியில் மகிழ்ந்திருப்பதற்கு இதைவிட மேலான சான்று வேண்டுவதில்லை. ஆகவே ஓய்வு குற்றமன்று, மகிழ்ச்சி குற்றமன்று. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது.

‘கேரவன்’ என்று இன்று அழைக்கப்படும் வண்டியின் பெயரையே நோக்குவோம். ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். பலர் ஒன்றுகூடிச் செல்லும் பயணக் கூட்டத்தையே அச்சொல் குறித்தது. பாலைவழியில் தனியே செல்வது ஆபத்து என்பதால் மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்து சென்றனர். இரவில் அவர்கள் தங்கும் இடம் ‘சராய்’ எனப்பட்டது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா தம் நெடுஞ்சாலைகளில் சராய்களை வரிசையாகக் கட்டுவித்தார். நம் ஊர்களில் சத்திரங்களும் முஸாபிர்கானாக்களும் இப்பணியைச் செய்தன. பலரின் துணையைக் குறித்த சொல், இன்று எவருடைய துணையும் வேண்டாத இருவரின் வண்டியைக் குறிக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பழைய பயணி தேவையுடையவர். அவருக்கு நீர் வேண்டும், நெருப்பு வேண்டும், தலைசாய்க்க ஒரு திண்ணை வேண்டும். அத்தேவை அவரை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியது. ஸலாம் சொல்லவும் ஊரின் பெயரைக் கேட்கவும் வைத்தது. 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா நம் தமிழகக் கரைக்கும் மதுரைக்கும் வந்தவர். அவருடைய பயண நூலில் மலைகளை விட மனிதர்களே மிகுதி. யார் வரவேற்றார், யார் உணவளித்தார் என்பதே அவர் நினைவில் நின்றது. வழிப்போக்கரின் தேவையை இஸ்லாம் எவ்வளவு மதித்தது என்பதற்கு, ஸகாத் பெறத்தக்க எட்டுப் பிரிவினருள் அவரையும் திருமறை சேர்த்திருப்பதே சான்று.

விருந்தினருக்கு உரிமை தந்த மார்க்கம் வரம்பும் விதித்தது. விருந்தோம்பல் மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தருமம். வீட்டாருக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு ஒருவர் தங்குவது ஆகாது. நபிமொழி வகுத்த இவ்வரம்பை நம்மில் பலர் அறிவோம். வீட்டு வண்டியில் வருபவரோ, தாம் எவருக்கும் விருந்தினர் அல்லர் என்று எண்ணுகிறார். தம் அரிசியைத் தாமே கொணர்ந்தார். தம் படுக்கையில் தாமே உறங்கினார். எவரிடமும் எதுவும் பெறாதவர் எவருக்கு என்ன கடன்பட்டார்?

அவர் பெற்றது அந்த இடத்தை. அதுவே நம் விடை. சித்தேரி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் அங்குச் சிற்றூர்களில் வாழ்ந்து, சாமையும் கேழ்வரகும் விளைவிக்கின்றனர். அவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. மலைச்சரிவில் வண்டியை நிறுத்திக் காலை வெயிலைப் பார்ப்பவருக்குப் பசுமையாகத் தெரிவது, இன்னொருவருக்கு மழையை நம்பி விதைத்த நிலம். சுவையான சுனைநீர் என்று அவர் வியப்பது, கீழே உள்ள வீடுகளின் குடிநீர். உணவு தம்முடையதாக இருக்கலாம். காற்றும் நீரும் அமைதியும் அவ்வூருடையவை. ஆகவே அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும் விருந்தினரே.

விருந்தினராயின் காண்பதிலும் ஒரு கடமை உண்டு. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் பணிக்கிறது. எதைப் பார்ப்பது? ஓரிடத்தில், இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்குமாறு கூறுகிறது. வேறு பல இடங்களில், குற்றம் புரிந்தோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்பதைப் பார்க்குமாறு கூறுகிறது. படைப்பின் அழகும் மனிதன் செய்த அநீதியும் ஒரே கட்டளையின் இரு பக்கங்கள். ஒன்றைக் கண்டு மற்றொன்றுக்குக் கண்மூடுவது பாதிப் பார்வை.

சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் அவ்வூரினுள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். மக்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, தீர்ப்புக்கு முன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டார். நீதி வருவதற்கு 31 ஆண்டுகள் சென்றன. அந்த நீதிபதியின் பயணமும் பயணமே. பார்ப்பதற்காகச் சென்ற பயணமே.

‘இளைப்பாற வந்த கணவனும் மனைவியும் நீதிபதிகளா? உலகத்துத் துயரையெல்லாம் சுமந்துகொண்டா அவர்கள் கோடையைக் கழிக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. அவ்வூருக்குச் சென்று வடுக்களைப் பார்வையிடுங்கள் என்று நாம் கூறவில்லை. துயரைக் காட்சிப் பொருளாக்குவது இன்னொரு கொடுமை. அந்த மக்கள் எவருக்கும் தம் கதையைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். நாம் கூறுவது இதுவே: சீருடையணிந்தவர்களின் வண்டிகள் ஒருநாள் கேளாமலே நுழைந்த நாட்டில், நம் வண்டி கேட்டு நுழையட்டும். இரண்டும் ஒன்றல்ல, ஓய்வுக்கு வந்தவர் குற்றவாளியல்லர். எனினும் கேளாமல் நுழைபவரின் முகத்தைக் கண்டு அஞ்சியவர்கள் இருக்கும் இடத்தில், அனுமதி கேட்கும் ஒரு சொல் வெறும் மரியாதையாக நின்றுவிடுவதில்லை.

அந்த மரியாதை செயலாவது கடினமன்று. வண்டியை நிறுத்துமுன் அந்நிலத்துக்குரியவரிடமும், காடாயின் வனத்துறையிடமும் அனுமதி கேட்கலாம். ஊரின் சாமையையும் தேனையும் உரிய விலைக்கு வாங்கலாம். சுனையருகே பாத்திரம் கழுவாதிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் கேளாமல் படம் எடுக்காதிருக்கலாம். எவருக்கும் பாரமாகுமுன் புறப்படலாம்.

இலக்கின்றி அலைபவருக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகையை ஷாபிஈ சட்ட நூல்கள் அளிப்பதில்லை. தூரம் கடந்ததால் மட்டும் ஒருவர் முஸாபிர் ஆகிவிடுவதில்லை என்பதே அதனால் நாம் பெறும் படிப்பினை. ஓய்வும் ஓர் இலக்காகலாம். தாம் எங்கே இளைப்பாறுகிறோம், யாருடைய நிழலில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்த தம்பதியர், மலையின் அழகையும் முழுமையாகக் காண்பர். ஊராரின் ஸலாத்துக்கும் உரியவராவர்.