உடலின் அளவறிந்து நோன்பு



தசலட்சண பருவம் அணுகும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் உபவாசம் இருக்கலாமா? இருந்தால் உடல் கெடும்; இராவிட்டால் அறம் கெடுமோ என்பதே அவ்வினா.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனப் பகுதிச் சிற்றூர்களை விட்டு அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. கழனியில் உழைத்த முன்னோர் பொழுது சாயுமுன் உண்டு முடித்தனர். தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைப்பவர் வீடு திரும்புவதே நள்ளிரவாகின்றது. உழைப்பின் வகை மாறிற்று. உண்ணும் பொழுது மாறிற்று. நோயும் உடன் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளது. இந்நோயாளர் இல்லாத குடும்பம் நம்மிடையேயும் அரிது. ஆகவே இவ்வினாவுக்கு நம் ஆகமநெறி தரும் விடையைக் காண்போம்.

ஆசாரியர் சமந்தபத்திரர் வரலாற்றை நினைவு கூர்வோம். அவரைப் 'பஸ்மகம்' என்னும் நோய் பற்றியது. உடலில் அக்கினி மிகுந்து, உண்டதெல்லாம் நொடியில் எரிந்துபோகும் தீராப் பசியே அந்நோய். துறவியின் ஒருவேளை உணவால் அது தணியவில்லை. சல்லேகனை ஏற்று உடலை நீக்க அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குருவோ இசையவில்லை. "உன்னால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதியாக உள்ளது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள்" என்று பணித்தார். சமந்தபத்திரரும் துறவுக் கோலத்தைத் துறந்து, போதிய உணவு உண்டு நோய் நீங்கினார். பின் மீண்டும் தீட்சை ஏற்றார் என அவ்வரலாறு கூறும். இரத்தினகரண்ட சிராவகாசாரத்தையும் சுயம்பு தோத்திரத்தையும் நமக்கு அளித்தவர் அவரே. குரு அன்று மருத்துவத்தைத் தடுத்திருந்தால், நாம் இழந்திருக்கக்கூடியது எத்துணைப் பெரிது!

அந்தச் சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு உரிய காலத்தை வரையறுக்கும்போது, பரிகாரம் இல்லாத இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் என்றே ஆசாரியர் கூறுகின்றார். பரிகாரம் இல்லாத என்னும் அடைமொழியை ஊன்றி நோக்குக. பரிகாரம் உள்ள நோய்க்கு மருந்தை விலக்குவது தவமன்று. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், சோர்வுற்ற செயலால் உயிரை வருத்துவதே கொலை என்றார். நம் உயிரும் உயிரே அன்றோ?

அவ்வாறாயின் நோயாளர் தவத்தையே கைவிட வேண்டுமோ? வேண்டா. புறத்தவம் ஆறு. அவற்றுள் முதல் நான்கும் உணவைப் பற்றியன. அனசனம் என்னும் முழு உபவாசம் அவற்றுள் ஒன்றே. அவமோதரியம் வயிறு நிரம்பாமல் குறைத்து உண்பது. விருத்திபரிசங்கியானம் உணவுக்கு வரையறை செய்துகொள்வது. இரசபரித்தியாகம் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் சுவைப்பொருள்களில் சிலவற்றையோ அனைத்தையுமோ விடுவது. சர்க்கரை நோயாளர் பத்து நாளும் இனிப்பைத் துறந்தால் அது தவமும் ஆகும், பத்தியமும் ஆகும். குருதி அழுத்தம் உடையவர் உப்பைக் குறைத்தலும் அத்தகையதே. தீர்த்தங்கரத்துவத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளிலும் தவம் 'சக்திக்கு ஏற்ப' என்றே சொல்லப்பட்டுள்ளது.

உடலின் சக்தியை அளந்தறியும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. பதினான்கு பூர்வங்களுள் பன்னிரண்டாவதாகிய பிராணாவாயம் மருத்துவத்தைக் கூறுவது. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் 'கல்யாணகாரகம்' என்னும் ஆயுர்வேத நூலை இயற்றி, ஊன் மருந்தாகாது என்பதை இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் நிலைநாட்டினார். தமிழில் காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயர்களையே சூட்டினர்.

ஆயுர்வேத வைத்தியர் நாடி, நா, விழி, குரல், தொடுவுணர்வு, தோற்றம், மலம், சிறுநீர் என எட்டையும் தேர்வார். வாத பித்த கபங்களின் ஏற்றத்தாழ்வையும், அக்கினி சமமோ, மந்தமோ, கூர்மையோ, ஒழுங்கற்றதோ என்பதையும் ஆராய்வார். இன்றைய இரத்தப் பரிசோதனையும் உடலை அளந்தறியும் செயலே. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுதல் வேண்டா. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதுமாறு பணிக்கின்றது.

இனி நடைமுறைக்கு வருவோம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் ஏற்கலாகாது. மருந்து உள்ளே சென்று உணவு செல்லாவிடில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றும், நினைவும் தவறலாம். நோன்பிருக்கும்போது இக்குறி கண்டால் உடனே சர்க்கரை நீர் பருக வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்கு விரைக. நோன்புக்காக மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் தீங்கே. சிறுநீரக நோயாளர் நீரையும் விட்டு இருத்தல் ஆபத்தாகும்.

பிற்பகல் ஷிப்டுக்குச் செல்வோர் பொழுது சாயுமுன் கிடைக்கும் இடைவேளையில் கட்டுணவை முடித்துக்கொள்ளலாம். உடலின் உள்ளே ஒரு காலக்கணக்கு இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. உண்ணும் பொழுதும் உடல்நலத்தைச் சாரும் என்பது இன்று அறிவியலும் ஆராயும் பொருள்.

லேகியங்கள் பலவற்றில் தேன் சேரும். ஆசவ, அரிட்டங்களில் நொதித்தலால் மது இயல்பாக விளையும். ஆதலின் வைத்தியரிடம் நம் விரதத்தைக் கூறி, வெந்நீர் போன்ற வேறு அனுபானமும் மாற்று மருந்தும் கேட்டுப் பெறுக. கேட்பதில் நாணம் வேண்டா.

இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். முழு உபவாசம் இருப்பவரைப் போற்றும் நாம், குறைத்து உண்டு நோன்பிருக்கும் நோயாளரைத் தாழ்வாக நோக்கலாகாது. "பாட்டியார் இம்முறை உபவாசம் இல்லையோ?" என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி மாத்திரையை மறைத்து வைக்கும் முதியோரும் உளர். அச்சொல்லைச் சொல்லாதிருத்தல் நம் அகிம்சை. நோயுற்றோர்க்குச் செய்யும் பணியாகிய வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று. மருந்தளித்தல் நால்வகைத் தானங்களுள் ஒன்று. எனவே நோன்பிருப்பவர் தவத்தில் பாதி அவரைப் பேணுபவர் கையில் உள்ளது.

வரும் பருவத்துக்கு ஒரு திங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, அவர் கூறும் அளவில் விரதம் ஏற்பீர்களாக. அளவறிந்து ஏற்ற சிறு விரதமும் முறையாக நிறைவேறினால் வினை உதிரும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!