சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரு கால அட்டவணை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மகளிர் இதழ்களோடு '30 வகை லஞ்ச் பாக்ஸ்' இணைப்பு வந்துவிடும். பீட்ரூட் பூரி, பனீர் ரோல், கேரட்டில் பூ செதுக்கிய புலவு என்று முப்பது நாளைக்கு முப்பது பதார்த்தம். இப்போது அந்த வேலையைக் கைப்பேசிக் காணொளிகள் எடுத்துக்கொண்டன. அவற்றில் சோறு கரடி முகமாகிறது, இட்லிக்குக் கண்ணும் மூக்கும் முளைக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது: பிள்ளை ஆசையாகச் சாப்பிட வேண்டுமானால் தினமும் புதிதாக எதையாவது காட்டியாக வேண்டும். அந்த அனுமானமே தவறு என்று எனக்குப் படுகிறது. பிள்ளையைச் சாப்பிட வைப்பது புதுமை அல்ல, பழக்கம். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே நல்ல டப்பா வேண்டும் என்கிற வீட்டுக்குத் தேவை சமையல் குறிப்புத் தொகுப்பு அல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை மாறாத ஒரு கால அட்டவணை.

இதற்கு ஆதாரம் தேடி மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த ஊரின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகள், சுமார் ஒரு லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. திட்டம் தொடங்கியபோது வகுத்த பட்டியலைப் பாருங்கள்: திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடியும் உப்புமா, வெள்ளி கிச்சடியோடு ஏதாவது இனிப்பு, காய்கறி சாம்பார் தொட்டுக்கொள்ள. வித்தை ஒன்றும் இல்லை. மதியச் சத்துணவும் இப்படித்தான். 2013-இல் கலவை சாதங்கள் வந்தபோது முதல், மூன்றாம் வாரங்களுக்கு ஒரு பட்டியல், இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு இன்னொரு பட்டியல் என்று எழுதி வைத்தார்கள். புளியோதரை வரும் நாள் தெரியும், எலுமிச்சை சாதம் வரும் நாளும் தெரியும். முட்டை பள்ளி நாள்தோறும் உண்டு. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். இன்றைக்கு என்ன சாப்பாடு என்பது தட்டோடு வரிசையில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பட்டியல் கல்வெட்டும் அல்ல. திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் என்று 2025-இல் அறிவிப்பு வந்தது. பிடிக்காததை மாற்றலாம், ஆனால் மாற்றியதும் பட்டியல்தான், பட்டியலை யாரும் தூக்கி எறியவில்லை.

பசித்த பிள்ளை எதையும் சாப்பிடும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். சத்துணவுக் கூடத்தில் கழுவப் போகும் தட்டுகளின் ஓரத்தில் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். பசி இருந்தாலும் பிள்ளைக்கு நாக்கு உண்டு. பிள்ளைகளின் உணவு விருப்பம் எப்படி உருவாகிறது என்பதை ஆயுள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச்சின் சோதனைகள் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றைக் காட்டுகின்றன. 1982-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உணவை எத்தனை தடவை சுவைக்கக் கொடுத்தார்களோ அத்தனைக்கு அத்தனை பிடித்துப்போனது. ஓரிரு தடவையில் அல்ல, பத்துத் தடவை அளவில். நாமோ பீர்க்கங்காயை இரண்டு நாள் வைத்துவிட்டு, 'இவனுக்கு அது ஆகாது' என்று முத்திரை குத்திவிடுகிறோம். அவருடைய 1980 ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு காயைப் பிடிக்காத பிள்ளையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளுக்கு நடுவே சில நாள் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளையும் அதையே எடுக்க ஆரம்பித்தது. கேரட்டைப் பூவாகச் செதுக்குவதைவிட, அதைத் தின்னும் நாலு பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது மேல். 'இதைத் தின்றால் அதைத் தருவேன்' என்ற பேரமும் பலிக்காது. பரிசு காட்டி ஊட்டிய உணவின் மேல் பிரியம் குறைந்துபோவதை 1984-இல் அவர் காட்டினார். சாக்லேட்டைக் காட்டிக் கீரை ஊட்டுகிறவர்கள் கீரைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்றையே வைத்தால் அலுத்துப்போகாதா? வருடக்கணக்கில் காலையில் இட்லி தின்னும் ஊர் கேட்கக்கூடிய கேள்வியா இது! இட்லி மாறுவதில்லை, தொட்டுக்கொள்வது மாறுகிறது. அந்த அளவு மாற்றம் பிள்ளைக்கும் போதும். சத்து பலவகை உணவில்தானே இருக்கிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆமாம், பலவகை வேண்டும். ஆனால் அது வாரத்துக்குள் வந்தால் போதும், ஒரே டப்பாவுக்குள் வர வேண்டியதில்லை. திங்கள் முட்டையோடு தக்காளி சாதம், செவ்வாய் பருப்புச் சோறும் பீன்ஸ் பொரியலும், புதன் முருங்கைக்கீரை சாதம், வியாழன் புளிச்சோறும் தட்டைப்பயறு சுண்டலும், வெள்ளி தயிர்ச்சோறு என்று ஒரு வீடு எழுதி வைத்தால், சத்துக்கணக்கு அதிலேயே பெருமளவு முடிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 23 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், அதாவது கால்வாசி. கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். கீரை நாளில் ஒரு கொய்யாத் துண்டு வைத்தால் அந்த வேலை முடிந்தது. பட்டியல் பருவத்துக்கு வளையவும் வளையும். பரவை சந்தையில் எந்த மாதம் எந்தக் காய் மலிந்து கிடக்கிறதோ அந்தக் காய், தை பிறந்தால் பனங்கிழங்கும் மொச்சையும், அவித்த சீனிக்கிழங்கு இரண்டு துண்டு. குதிரைவாலி நம் பக்கத்துத் தானியம்தான். அதையும் எடுத்த எடுப்பில் முழு டப்பாவாக வைக்காமல், வாரம் ஒரு நாள் சிறிதளவில் தொடங்க வேண்டும். புதியது எதுவானாலும் மூலையில் ஒரு கரண்டி, மற்றதெல்லாம் பழகியது. அந்த ஒரு கரண்டி சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தால் திட்டாமல் கழுவி வைத்துவிட்டு, அடுத்த வாரம் அதே நாளில் அதே கரண்டி.

சத்துணவு சூடாகப் பரிமாறப்படுகிறது, டப்பா ஆறிப்போகிறதே என்பார்கள். இந்த ஒரு மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏழு மணிக்கு மூடியது பன்னிரண்டரைக்குத்தான் திறக்கும். இடையில் இருப்பது மதுரை வெயில். அதனால் நன்றாகச் சமைத்தோமா என்பதோடு, ஐந்தரை மணி நேரம் கழித்து அது எப்படி இருக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. காணொளிப் பண்டங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். நூடுல்ஸ் கட்டியாகிவிடும். சப்பாத்தி வரட்டியாகிவிடும். தேங்காய்ச் சட்னி ஊசிப்போகும். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த கிராமத்து ஜனங்கள் கட்டுச்சோறாகக் கொண்டுவந்தது புளிச்சோறு என்பது தற்செயல் அல்ல. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே மூடிக் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் பெருகும். புளிப்பு அதை மட்டுப்படுத்தும், நல்லெண்ணெய் சோற்றை வறளவிடாது. தயிர்ச்சோற்றில் இதைவிட நுட்பம். சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டுப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி தயிர் கலந்தால், மதியத்துக்குள் அது டப்பாவிலேயே உறைந்து புளிக்காமல் இருக்கும். காலையிலேயே முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைந்தது மணி அடிக்கும்போது வாயில் வைக்க முடியாமல் புளித்திருக்கும். பிள்ளை திருப்பிக் கொண்டுவருவதில் ஒரு குற்றமும் இல்லை. இட்லி என்றால் இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி வைத்துவிட வேண்டும், மெத்தென்று இருக்கும். எந்தச் சோறானாலும் ஆவி அடங்கும் வரை தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டே மூட வேண்டும். இன்னொன்று, டப்பாவின் மூடி. நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பா ஒழுகாது, உண்மைதான். ஐந்து வயது விரலுக்கு அது திறக்கவும் திறக்காது. கடையில் வாங்கும்போதே பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

அட்டவணைக்கு இன்னொரு லாபமும் உண்டு. விடியற்காலையில் ஷிப்டுக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் கிளம்புகிற அம்மாவுக்கு, 'நாளைக்கு என்ன செய்வது' என்று ராத்திரி படுக்கும்போது குடையும் கவலை அட்டவணையால் ஒழிகிற அளவுக்குப் புதுக் குறிப்புகளால் ஒழியாது. பட்டியல் சுவரில் இருந்தால் அப்பாவும் அடுப்பில் நிற்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது என்கிற சாக்கு போய்விடும். பள்ளி வாசல் தின்பண்டத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இலேயே மத்திய விதி வந்துவிட்டது. அது கட்டுப்படுத்த வேண்டியது சிப்ஸ் பாக்கெட்டை. அவித்த கடலைக்காரரையும் கொய்யாப்பழ வண்டிக்காரரையும் விரட்டுவதற்கு அல்ல.

ஆனால் வீட்டில் எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் பள்ளிதான் கெடுக்கவோ காக்கவோ செய்கிறது. அரை மணி இடைவேளை என்று பேர். கை கழுவும் குழாயடியில் வரிசை, கழிப்பறையில் வரிசை, டப்பா திறக்க ஆயாம்மாவுக்குக் காத்திருப்பு. இவை போக உட்கார்ந்து உண்ணக் கிடைப்பது எத்தனை நிமிடம்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு நாள் பத்து நிமிடமும் இன்னொரு நாள் இருபது நிமிடமும் கொடுத்துப் பார்த்தார்கள்; 2021-இல் முடிவு வெளியானது. நேரம் குறைந்தபோது முக்கிய உணவு அவ்வளவாகக் குறையவில்லை, குறைந்தது பழமும் காயும்தான். அவசரத்தில் பிள்ளை சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு பொரியலை விட்டுவிடுகிறது. வீட்டில் நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம், 'காய் பிடிக்காத பிள்ளை' என்று. பள்ளிக் கட்டணம், பேருந்து, சீருடை எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிற பெற்றோர் கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: கை கழுவிய பிறகு, உட்கார்ந்து உண்ண எங்கள் பிள்ளைக்கு இருபது நிமிடம் முழுதாகக் கிடைக்கிறதா? இல்லை என்று பதில் வந்தால், கிடைக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.