வாக்குத் தவறினால்தான் வழி பிறக்குமா?

கொடுத்த வாக்கைக் காப்பது கடமை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், வாக்கைக் காப்பவரைக் கண்டுகொள்ளாமல், வாக்குத் தவறியவருக்கு மட்டுமே செவிசாய்க்கும் ஓர் ஏற்பாடு இருக்குமாயின், நேர்மையாளர் என்ன செய்வார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுக்கடன் பெற்ற எண்ணற்ற குடும்பங்களின் மனச்சான்றை இக்கேள்வி வாட்டியது. அங்குக் குடியேறிய நம்மவர் பலரும் வீட்டுக்கடனோடு வாழ்பவர்கள் ஆதலால், இது நமக்கு அந்நியமான கேள்வியன்று.

நிலைமையை முதலில் விளங்கிக்கொள்வோம். 2006 ஆம் ஆண்டுவரை ஏறிக்கொண்டே சென்ற வீட்டு விலை அதன்பின் சரிந்தது. 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பலர் வேலையையும் இழந்தனர். ஒருவர் 4,00,000 டாலர் விலையுள்ள வீட்டை 3,60,000 டாலர் கடனில் வாங்கினார் எனக் கொள்வோம். சில ஆண்டுகளில் அவ்வீடு 2,50,000 டாலருக்கு மேல் விலைபோகவில்லை. விற்றாலும் கடன் தீராது. இந்நிலையில், கிடைக்கும் விலையைப் பெற்றுக்கொண்டு அடமானத்தை விடுவிக்க வங்கி இசைந்தால், அவ்விற்பனையை 'ஷார்ட் சேல்' என்பர். வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடுவதைவிட இதில் வங்கிக்குப் பெரும்பாலும் இழப்பு குறைவு. எஞ்சிய தொகை தள்ளுபடியாகுமா என்பது மாநிலச் சட்டத்தையும், எழுதிக்கொள்ளும் உடன்பாட்டையும் பொறுத்தது.

இங்கேதான் ஓர் அறிவுரை வாய்மொழியாய்ப் பரவியது: "முதலில் தவணையை நிறுத்துங்கள், அப்போதுதான் வங்கி திரும்பிப் பார்க்கும்." இதில் ஓரளவு உண்மை இருந்தது. மாதந்தோறும் தவறாமல் செலுத்துபவருக்குத் துன்பமில்லை என்றே அலுவலகங்கள் எண்ணின. எனினும், தவணை தவறியாக வேண்டும் என்பது எங்கும் நிலவிய சட்டமன்று. 2010 முதல் 2016 வரை நடைமுறையில் இருந்த அரசுத் திட்டம், ஏற்கெனவே தவறியவர்களோடு, விரைவில் தவற நேரும் எனத் தெரிந்தவர்களையும் ஏற்றது. 2012 நவம்பர் முதல், ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் கடன்களில், இறப்பு, மணமுறிவு, உடல் ஊனம், வேலைக்காகத் தொலைவான ஊருக்கு மாறுதல் போன்ற இடர்களில் சிக்கியோர், தவணை தவறாத நிலையிலேயே இவ்விற்பனைக்கு அனுமதி பெற வழி திறக்கப்பட்டது. மாறாக, தவணையை நிறுத்தியவருக்குத் தாமதக் கட்டணம் ஏறும்; கடன் நாணயம் கெடும்; விற்பனைக்கு இசைவு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

சட்டம் இவ்வாறிருக்க, அறம் என்ன சொல்கிறது? இங்கே மூவரைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாமவர், கொடுக்க இயலாதவர். பிள்ளைகளின் உணவுக்கும் நோயாளியின் மருந்துக்கும் போக எதுவும் மிஞ்சாத நிலையில் அவர் தவணை தவறினால், அது குற்றமன்று. இரண்டாமவர், இன்று செலுத்த முடிந்தும், மூன்று மாதத்தில் முடியாமற் போகும் என்று அறிந்தவர். கையிருப்பின் கடைசிக் காசையும் செலுத்திவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும் என்று எந்த அறமும் கேட்பதில்லை. உண்மை நிலையை முன்கூட்டியே வங்கிக்கு எழுதித் தெரிவிப்பதே அவருடைய கடமை. மூன்றாமவர், கொடுக்க முடிந்தும் கொடுக்காமல், இல்லாத இயலாமையை நடித்துக் காட்டுபவர். வாயால் சொல்லாவிடினும், செயலால் அவர் சொல்வது பொய்.

வாக்களித்த வேளையில் நிறைவேற்றும் எண்ணம் கொண்டிருந்தவர், ஆட்களின் நிலையும் காரியங்களின் நிலையும் மாறிவிட்டால் குற்றவாளி ஆகார் என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கூறுகிறார். வேலை போவதும், துணையை இழப்பதும் அத்தகைய மாற்றங்களே. வீட்டின் விலை வீழ்ந்ததும் அவ்வாறு ஆகுமா? விலை குறைந்ததால் மட்டும் கொடுக்கும் ஆற்றல் குறைவதில்லை. விலை ஏறியிருந்தால் அந்த இலாபத்தை அவர் வங்கியோடு பங்கிட்டிருக்கமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "கடன் தவறினால் வீட்டை எடுத்துக்கொள் என்பதே ஒப்பந்தம். வணிகர்கள் இப்படித்தானே கணக்கிடுகிறார்கள்? ஏழைக்கு மட்டும் ஏன் ஒழுக்கப் பாடம்?" இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்க வீட்டுக்கடன் வங்கியாளர் சங்கம் வாஷிங்டனில் 7 கோடியே 90 இலட்சம் டாலருக்கு வாங்கிய தன் தலைமையகத்தை, 2010 இல் 4 கோடியே 13 இலட்சம் டாலருக்கு விற்று வெளியேறியது. கடனை விட்டு விலகுவோர் தம் பிள்ளைகளுக்கு என்ன செய்தி சொல்கிறார்கள் என்று அதற்குச் சற்று முன்னரே கேட்டிருந்தவர் அதே சங்கத்தின் தலைவர். 2012 இல், வீடுகளைக் கைப்பற்றுவதில் நிகழ்ந்த முறைகேடுகளுக்காக ஐந்து பெரும் வங்கிகள் 49 மாநிலங்களோடும் நடுவண் அரசோடும் ஏறத்தாழ 2,500 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டன. ஆயினும் வலியவரின் பொய் எளியவரின் பொய்யை மெய்யாக்கிவிடாது. இருவரையும் ஒரே துலாக்கோலில் நிறுக்க வேண்டும் என்பதையே அது நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே பழியின் ஒரு பங்கு அந்த ஏற்பாட்டைச் சேரும். உண்மையோடு முன்வந்து நிற்பவரை, "நீர் இன்னும் தவறவில்லையே, போய் வாரும்" என்று திருப்பி அனுப்பும் நிறுவனம், அவரைப் பொய்யின் பக்கம் தள்ளுகிறது. தவறத் தூண்டிவிட்டுத் தவறியதற்காகத் தண்டிப்பது நீதியாகாது. கடன் கொடுப்பவருக்கும் கேட்கும் கடமை உண்டு.

இத்தகைய நெருக்கடியில் இருப்போருக்கு நாம் கூறத்தக்கது இதுவே: தவணையை நிறுத்துமுன் பேசுங்கள். வருவாய், செலவு, இடரின் காரணம் ஆகியவற்றை ஒளிக்காமல் எழுத்தில் தாருங்கள். அம்மாநிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையோ, அரசின் அங்கீகாரம் பெற்ற வீட்டுவசதி ஆலோசகரையோ நாடுங்கள். எஞ்சிய கடன் தள்ளுபடியாகிறது என்பதை எழுத்தில் பெறுங்கள். அதன் பின்னரும் கொடுக்க இயலாமற் போனால், தலை குனிய வேண்டியதில்லை. வீட்டை இழப்பது துயரம். ஆனால் உண்மையைச் சொல்லி இழந்தவர், தம் சொல்லின் மதிப்பை இழக்கவில்லை.