தலையில எழுதுனது

ஆண்டிபட்டியிலிருந்து வருசநாட்டு பஸ்ஸில் மாணவிகளோடு ஏறினால், கடமலைக்குண்டு தாண்டுவதற்குள் நான் வகுப்பில் நடத்தியதில் பாதி உதிர்ந்துவிடும். குழந்தை நலச் செவிலியம் கற்பிப்பவள் நான்.

அன்று மலையடிவாரத்து பால்வாடி ஒன்றில், உத்தரத்தில் தொங்கிய தராசில் ஒரு பெண் குழந்தை. பத்து மாதம், 5 கிலோ 800 கிராம். வளர்ச்சி அட்டையில் புள்ளி ஆரஞ்சுப் பட்டையில் விழுந்தது. அதாவது கடும் எடைக்குறைவு. பிறந்தபோதே 2 கிலோ 100தான்; இரண்டரை கிலோவாவது இருந்திருக்க வேண்டும். மாணவி ஒருத்தி தாய்க்குச் சத்துணவுப் பாடம் எடுக்க ஆரம்பித்ததும் பாட்டி குறுக்கே வந்தார்: "அது தலையில எழுதுனது தாயி. இவள ஒண்ணும் சொல்லாதீக."

பஸ்ஸில் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். ராத்திரி அவர்களுடைய நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் எட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: தாயின் அறியாமை. நான் சொல்லிக்கொடுத்த சொல்.

பாட்டி சொன்னதின் பின்பாதி அப்போதுதான் காதில் விழுந்தது. விதியை அவர் மருமகளுக்குக் குடையாகப் பிடித்திருக்கிறார். இலவங்காய் உடைக்கப் போய் இருட்டித் திரும்புகிறவளுக்கு எது சத்து என்று தெரியும், ஊட்டத்தான் பொழுதில்லை. முன்வினை என்றாலாவது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாங்களோ, இந்தப் பிறவியிலேயே நீ செய்த வினை என்று முத்திரை குத்திவிட்டு வந்திருந்தோம்.

அதற்காகப் பாட்டியின் கட்சியில் சேர்ந்துவிட முடியுமா? 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் எங்கள் தேனிக்கும் வந்தது. பெண்ணாய்ப் பிறந்ததே தலையெழுத்து என்றிருந்த ஊர்கள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவளிடம் அந்தத் தொட்டில் ஏன் என்று கேட்கவில்லை. அது கருணை. ஆனால் வரதட்சணையிடமும் கேட்கவில்லையே! தலையெழுத்தும் அப்படித்தான். தாயை விடுவிக்கிற கையோடு கூலியையும், பஸ் போகாத பாதையையும், என்னையும் சேர்த்து விடுவித்துவிடுகிறது.

எட்டு நோட்டிலும் 'அறியாமை'யை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்? பஸ் எத்தனை நடை? ஒரு நாள் கூலி என்ன?

காலையில் ஒருத்தி நோட்டோடு வந்து நின்றாள். "மேம், இதெல்லாம் நர்சிங்ல வருமா?"